மோட்டார் பழுதில்லை, லைன் மாறிவிட்டது: நிணநீர்ப் புற்றுநோயில் குரோமோசோம்கள் இடம் மாறுவது எப்படி?

தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு மாதமாகியும் வற்றவில்லை. சதை எடுத்துப் பரிசோதித்ததில் நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்தது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் 'டி(14;18)' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டிய யாரோ ஒருவர் 'ஜீன் கோளாறு' என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு சொற்கள் ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் பரவின. அவருடைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. "பரம்பரையில் ஓடுகிற நோயாமே" என்பதுதான் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன காரணம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவன். குரோமோசோம் என்ற சொல்லை ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். அதே சொல்லால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் இப்படி ஒரு அடி விழுந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அந்த ரிப்போர்ட்டில் இருந்த வரி பரம்பரையைப் பற்றிப் பேசவே இல்லை. அது எதைப் பற்றிப் பேசுகிறது என்பதை, உயிரியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுத முயல்கிறேன்.

## நெறி என்பது என்ன?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். பல் வலித்தால் தாடைக்குக் கீழே கட்டும். நம் பாட்டிமார் கண்ட உண்மை இது. நெறி கட்டும் அந்த இடங்களில் அவரை விதை அளவில் சிறு உருண்டைகள் இருக்கின்றன. அவைதான் நிணநீர்க் கணுக்கள். உடலுக்குள் நுழையும் கிருமிகளை வழிமறித்துச் சோதிக்கும் சோதனைச் சாவடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காவல் காக்கும் வெள்ளை அணுக்களுக்கு லிம்போசைட் என்று பெயர்.

லிம்போசைட்டுகளில் பி, டி என்று இரண்டு முக்கிய வகை. பி செல்லின் வேலை, கிருமியைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைத் தயாரிப்பது. டி செல் வேறு வகையில் போராடுகிறது. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் பி செல்லைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கிருமி வந்தால் லிம்போசைட்டுகள் பெருகும், கணு வீங்கும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துவிடும், வீக்கம் வற்றும். அப்படி வற்றாமல், ஏதோ ஒரு லிம்போசைட்டின் வாரிசுகள் மட்டும் கணக்கில்லாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். இது ஒற்றை நோய் அல்ல, பல பத்து நோய்களின் குடும்பப் பெயர். ஆகவே "அவருக்கும் லிம்போமாதான், ஆறே மாதத்தில் போய்விட்டார்" என்று ஒருவரின் கதையை இன்னொருவரிடம் சொல்வது அநியாயம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் கட்டும் நெறிகளில் பெரும்பாலானவை சாதாரணத் தொற்றால் வருபவை. நம் நாட்டில் காசநோயும் இதே இடத்தில் இதே போலக் கட்டும். பழைய வைத்தியர்கள் கண்டமாலை என்பார்கள். வாரக்கணக்கில் வற்றாத நெறி எதுவென்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சதை எடுத்துப் பார்ப்பதற்கு, அதாவது பயாப்சிக்கு, பயந்து தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்று நம் பக்கம் சொல்வதை நம்பிக் காலம் கடத்தாதீர்கள்.

## நூலும் சுவிட்சும்

நம் உடல் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து. ஒவ்வொன்றும் இறுகச் சுற்றிய மிக நீண்ட டி.என்.ஏ. நூல். ஒரே செல்லின் நூல்களைப் பிரித்து முனைக்கு முனை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அந்த நூலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதப்பட்டிருக்கும் குறிப்புகள்தான் மரபணுக்கள், அதாவது ஜீன்கள். ஒரு மரபணு என்பது பெரும்பாலும் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. மனிதரிடம் இப்படிச் சுமார் 20,000 குறிப்புகள் உண்டு.

இதுவரை பள்ளிப் பாடம். பலரும் தவறவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பவை அதே மரபணுக்கள்தான். பிறகு எப்படி ஒன்று கல்லீரலாகவும் மற்றது கண்ணாகவும் இருக்கிறது? எந்தக் குறிப்பு எப்போது, எவ்வளவு நேரம் படிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஒவ்வொரு மரபணுவுக்கும் அருகே, அதை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிக்கும் நூல் துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஓட்டத்தை வேகப்படுத்தும் துண்டுக்கு முடுக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மரபணு என்பது மோட்டார் என்றால், முடுக்கி அதற்கு வரும் மின்சார லைன்.

## ஒரு கிணறும் ஒரு மாங்கூழ் ஆலையும்

நம் பக்கத்துக் கதையாகவே சொல்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தோட்டம். அங்கே கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான் வரும். அந்த நேரத்தில் ஓடும், தக்காளிக்குத் தண்ணீர் பாயும், நின்றுவிடும். சற்றுத் தள்ளி ஒரு மாங்கூழ் ஆலை. சீசனில் அது இரவு பகலாக ஓடியாக வேண்டும் என்பதால் அதற்குத் தனி லைன், எந்நேரமும் மின்சாரம்.

ஒரு நாள் பெருங்காற்றில் இரண்டு லைன்களும் அறுந்து விழுகின்றன. இருட்டில் வந்து சரிசெய்தவர் முனைகளை மாற்றிக் கட்டிவிடுகிறார். ஆலைக்கு வந்த மின்சாரம் கிணற்று மோட்டாருக்குப் போகிறது. மறுநாளிலிருந்து மோட்டார் நிற்பதே இல்லை. தோட்டம் மூழ்குகிறது. மோட்டாரைக் கழற்றிக் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோனால், பிரித்துப் பார்த்துவிட்டு, "மோட்டாரில் ஒரு பழுதும் இல்லையே" என்பார். அவர் சொல்வது சரி. மோட்டார் நல்ல மோட்டார். லைன்தான் மாறிவிட்டது.

பி செல்லில் அந்த ஆலை எது? எதிர்ப்பொருள் மரபணு. எதிர்ப்பொருள் தயாரிப்பதுதான் அந்தச் செல்லின் பிழைப்பு என்பதால், அந்த மரபணுவுக்குப் பக்கத்தில் மிக வலுவான முடுக்கி இருக்கிறது. அதன் முக்கியப் பகுதி 14ஆம் குரோமோசோமின் ஒரு நுனிக்கு அருகே உள்ளது. கிணற்று மோட்டார் என்பது வேறொரு குரோமோசோமில் அடக்கமாக இருந்த ஒரு மரபணு. இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, உடைந்த துண்டுகள் மாறி ஒட்டிக்கொள்வதற்குக் குரோமோசோம் இடமாற்றம் என்று பெயர். மாறி ஒட்டியதால், அடக்கமாக இருந்த மரபணு எதிர்ப்பொருள் முடுக்கியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தன் இடத்தில் ஒழுங்காக வேலை செய்து, கட்டுப்பாடு இழந்தால் செல்லைப் புற்றுநோய்ப் பாதையில் தள்ளக்கூடிய மரபணுவை ஆன்கோஜீன் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும், புற்றுநோயை உண்டாக்குவதற்கென்றே ஏதோ ஒரு கெட்ட மரபணு சிலருடைய உடலில் ஒளிந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லை. இந்த மரபணுக்கள் உங்களிடமும் என்னிடமும் பிறந்த குழந்தையிடமும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் புண் ஆறாது, இரத்தம் ஊறாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாறுகின்றன. நல்ல மரபணு ஒன்று ஓயாத முடுக்கியின் கைக்குள் போகிறது. அது செய்யும் புரதம் பெரும்பாலும் அதே புரதம்தான். அளவும் நேரமும்தான் கெட்டுப்போகின்றன.

## ஏன் பி செல்லுக்கு இந்த விபத்து?

உடலில் எத்தனையோ வகைச் செல்கள் இருக்க, இந்த வகை உடைப்பு ஏன் பி செல்லில் அடிக்கடி நடக்கிறது? இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்ந்த கேள்வி இதுதான். பி செல் தன் நூலைத் தானே வெட்டுகிற செல் என்பதுதான் விடை.

உலகில் எத்தனை கிருமிகள் வரும் என்று உடலுக்கு முன்கூட்டியே தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு வைத்துக்கொள்ள 20,000 போதாது. எனவே உடல் ஒரு தையற்காரரின் உத்தியைக் கையாள்கிறது. மூன்று பெட்டிகளில் துண்டுத் துணிகள். முதல் பெட்டியில் சுமார் 40, இரண்டாவதில் சுமார் 25, மூன்றாவதில் 6. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தைத்தால் ஆறாயிரம் விதமான சட்டைகள் வரும். தைக்கும் இடத்தில் சில இழைகளைக் கூட்டிக் குறைத்தால் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு பெருகும். எலும்பு மஜ்ஜையில் இளம் பி செல் தன் எதிர்ப்பொருள் மரபணுவை இப்படித்தான் வெட்டித் தைத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள்களின் பன்மை இப்படி வருகிறது என்று காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு தொனேகாவா. 1987இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கத்தரிக்கோல் அதோடு ஓய்வதில்லை. பி செல் நிணநீர்க் கணுவுக்கு வந்து கிருமியைச் சந்தித்ததும், எதிர்ப்பொருள் இன்னும் இறுகப் பிடிப்பதற்காக, இன்னொரு நொதி அதே மரபணுவில் மறுபடியும் திருத்தங்கள் செய்கிறது. ஆக ஒரு பி செல் தன் வாழ்நாளில் இரண்டு கட்டங்களில் தன் நூலில் கை வைக்கிறது. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கான செல்கள் இதைப் பிசகாமல் செய்கின்றன. எப்போதாவது, வெட்டிய முனை தனக்குரிய இணையோடு சேராமல், அதே நேரம் பக்கத்தில் உடைந்து கிடந்த வேறொரு குரோமோசோமின் முனையோடு சேர்ந்துவிடுகிறது. நம்மைக் காப்பாற்றுவதற்காகச் செய்த வேலையில் நேர்ந்த விபத்து அது. யாருடைய பாவமும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை.

"போர் தண்ணீரால் வந்ததா சார்?" என்று அந்த விவசாயி கேட்டார். நம் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதனால் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் உண்மை. இந்த லைன் மாற்றத்தை ஃபுளோரைடு உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. எல்லா நோயையும் ஒரே தண்ணீர்க் கணக்கில் எழுதிவிட்டால் எந்த நோயும் புரியாது.

## எந்த மோட்டார் மாட்டியதோ அதற்கேற்ற குணம்

லைன் ஒன்றுதான், 14ஆம் குரோமோசோமின் முடுக்கி. அதில் மாட்டிக்கொள்ளும் மரபணு எது என்பதைப் பொறுத்து நோயின் குணம் அடியோடு மாறுகிறது.

முதலாவது, சி-மிக் என்ற மரபணு. இருப்பது 8ஆம் குரோமோசோமில். 'வளர், பிரி' என்று செல்லுக்குக் கட்டளையிடும் மேலாளர் இது. 8க்கும் 14க்கும் இடையே துண்டு மாறினால் சி-மிக் ஓயாமல் ஓடுகிறது. வருவது பர்கிட் லிம்போமா. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் மிக வேகமாக வளர்வனவற்றில் ஒன்று. ஓரிரு நாட்களில் கட்டி இருமடங்காகிவிடும்.

இந்த நோயின் கதை கேட்க வேண்டியது. உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வளர்ந்த விசித்திரமான கட்டிகளைப் பற்றி 1958இல் எழுதினார். 1961இல் இரண்டு நண்பர்களுடன் ஒரு பழைய காரில் ஆப்பிரிக்காவில் சுமார் 10,000 மைல் சுற்றி, ஊர் ஊராக மருத்துவமனைகளில் இந்தக் கட்டியைப் பற்றி விசாரித்தார். மலேரியா மிகுந்த, வெப்பமும் மழையும் உள்ள பகுதிகளில்தான் இது அதிகம் என்று தெரிந்தது. 1964இல் இந்தக் கட்டிச் செல்களில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. 1972இல் 14ஆம் குரோமோசோம் இயல்பைவிட நீண்டிருப்பதைப் பார்த்தார்கள். அந்தக் கூடுதல் துண்டு 8ஆம் குரோமோசோமிலிருந்து வந்தது என்று 1976இல் தெரிந்தது. அந்தத் துண்டோடு சி-மிக் வந்திருக்கிறது என்பது 1982இல் உறுதியானது. இவ்வளவு வேகமாக வளரும் இந்தக் கட்டி, தீவிர மருந்து சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகளில் குணமாகிவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல்லை மருந்து எளிதில் பிடித்துவிடும் என்பது ஒரு காரணம்.

இரண்டாவதுதான் நம் விவசாயியின் ரிப்போர்ட்டில் இருந்தது. 18ஆம் குரோமோசோமில் உள்ள பிசிஎல்-2 என்ற மரபணு. இது செல்லை வேகமாகப் பிரியச் சொல்வதில்லை. இதன் வேலை விந்தையானது: செல்லைச் சாகவிடாமல் தடுப்பது.

செல்கள் உரிய நேரத்தில் தாமே இறந்துபோவதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர்; தமிழில் ஒழுங்குமுறைச் சாவு என்று சொல்லலாம். மாமரத்தைப் பாருங்கள். பூத்த பூவெல்லாம் காயானால் கிளை முறிந்துவிடும். பெரும்பகுதி உதிர்ந்தே ஆக வேண்டும். நிணநீர்க் கணுவிலும் அப்படித்தான். கிருமியைச் சரியாகப் பிடிக்காத பி செல்கள் கூட்டம் கூட்டமாக உதிர வேண்டும். அதற்கு வழிவிடத்தான் அந்தக் கட்டத்தில் பி செல் பிசிஎல்-2ஐ அணைத்து வைக்கிறது. 14-18 இடமாற்றம் நடந்த செல்லில் அதை அணைக்க முடியாது. உதிர வேண்டியது உதிராமல் தங்குகிறது. மெல்ல மெல்லச் சேர்கிறது. இதுதான் ஃபாலிகுலர் லிம்போமா. இந்த நோயாளிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த இடமாற்றம் காணப்படுகிறது.

புற்றுநோய் என்றால் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். பிசிஎல்-2 செல்லைப் பெருக்கவில்லை, பிழைக்கவைக்கிறது என்று 1988இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் வோவும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். சாக மறுப்பதும் புற்றுநோய்க்கு ஒரு வழி என்பது அன்றைக்குப் புதிய சிந்தனை. இந்த நோய் ஏன் ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகர்கிறது என்பதற்கும், சிலருக்கு மருத்துவர் ஏன் "இப்போது மருந்து வேண்டாம், கவனித்து வருவோம்" என்கிறார் என்பதற்கும் விளக்கம் ஓரளவு இங்கே இருக்கிறது. அப்படிச் சொல்வது கைவிடுவது அல்ல. அறிகுறி இல்லாத மெதுவான நோய்க்கு அதுவே ஏற்கப்பட்ட சிகிச்சை முறை.

மூன்றாவது, 11ஆம் குரோமோசோமில் உள்ள சைக்ளின் டி1. செல் பிரிவதற்கு முன் உள்ள வாயிற்கதவைத் திறக்கும் புரதம் இது. கதவு திறந்தபடியே நின்றால் மேன்டில் செல் லிம்போமா. இன்னும் சில மரபணுக்கள் உண்டு, அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சி-மிக், பிசிஎல்-2 இரண்டும் ஒரே செல்லில் லைன் மாறினால் நிலைமை கடுமையாகிறது. அதற்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. சி-மிக் எல்லை மீறி ஓடும்போது, செல் ஆபத்தை உணர்ந்து தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள முயலும். அந்தக் கடைசிப் பாதுகாப்பையும் பிசிஎல்-2 பூட்டிவிடுகிறது. ரிப்போர்ட்டில் 'டபுள் ஹிட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறார்கள்.

## சந்தூர் ஒட்டுக்கன்று: இன்னொரு வகை

எல்லா இடமாற்றமும் லைன் மாறுவது மட்டுமல்ல. சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு செடியின் வேர்ப்பகுதி, இன்னொரு மரத்தின் குருத்து, இரண்டும் சேர்ந்து ஒரே கன்று. சில இடமாற்றங்களில் உடைப்பு மரபணுவின் நடுவிலேயே விழுகிறது. ஒரு மரபணுவின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியும் ஒட்டி, இயற்கையில் இல்லாத புதிய புரதம் ஒன்று பிறக்கிறது. இதற்கு ஒட்டு மரபணு என்று பெயர் வைக்கலாம்.

டி செல் லிம்போமாக்களில் ஒரு வகையில் 2, 5 குரோமோசோம்கள் இப்படி ஒட்டி, ஏ.எல்.கே. என்ற மரபணுவின் பாதியைக் கொண்ட புரதம் உருவாகிறது. ஒட்டு மரபணுவுக்கு மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு லிம்போமாவில் இல்லை, ஒரு வகை இரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. 1960இல் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நோய்ச் செல்களில் ஒரு குட்டைக் குரோமோசோமைக் கண்டார்கள். அது 9க்கும் 22க்கும் இடையே நடந்த துண்டு மாற்றம் என்று 1973இல் கண்டுசொன்னவர் ஜேனட் ரௌலி. அந்த ஒட்டுப் புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் வந்தது. ஒட்டுப் புரதம் நோய்ச் செல்லில் மட்டுமே இருப்பதால் மருந்துக்குக் குறி தெளிவாக இருக்கிறது. லைன் மாறிய வகையில் அந்த வசதி குறைவு. அங்கே ஓடுவது எல்லாச் செல்லிலும் உள்ள அதே நல்ல மோட்டார்தானே.

## லைன் மாறினால் நோய் வந்தே தீருமா?

இல்லை. நலமாக இருக்கும் பெரியவர்களில் கணிசமானவர்களின் இரத்தத்தை நுணுக்கமாகச் சோதித்தால், 14-18 இடமாற்றம் உள்ள பி செல்கள் மிகச் சொற்ப எண்ணிக்கையில் கிடைக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதே இல்லை. லைன் மாறுவது முதல் படி. அந்தச் செல்லின் வாரிசுகளில் காலப்போக்கில் வேறு சில மரபணுக்களிலும் பிழைகள் சேர்ந்தால்தான் நோயாக முற்றுகிறது. சாகாமல் தங்கிய செல்லுக்கு அப்படிப் பிழை சேர அவகாசம் அதிகம் என்பதுதான் பிசிஎல்-2 செய்யும் கெடுதல்.

## பரம்பரையா, ஒட்டுமா?

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

அந்த விவசாயி பிறந்தபோது அவருடைய 46 குரோமோசோம்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. அவருடைய வாழ்நாளில், எலும்பு மஜ்ஜையில், ஒரே ஒரு பி செல்லில் துண்டு மாறியது. இன்று அவர் கழுத்தில் இருக்கும் நோய்ச் செல்கள் எல்லாம் அந்த ஒன்றின் வாரிசுகள். அவருடைய தோலிலோ கல்லீரலிலோ விந்தணுவிலோ இந்த மாற்றம் இல்லை. பிள்ளைக்குப் போவது விந்தணுவும் கருமுட்டையும்தான், நெறியில் இருக்கும் பி செல் அல்ல. அவருடைய மகளுக்கு அந்த டி(14;18) போயிருக்கவே வழியில்லை. தொட்டாலோ ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இந்த நோய் ஒட்டுவதும் இல்லை.

குழப்பம் வரக் காரணம் ஒன்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 'குரோமோசோம் இடமாற்றம்' என்ற அதே சொல் இன்னொரு நிலைக்கும் வழங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே, உடலின் எல்லாச் செல்களிலும், இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறியிருக்கும். அவர்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். கருச்சிதைவு திரும்பத் திரும்ப நேரும்போது தெரியவரும். அது பிள்ளைகளுக்குப் போகக்கூடியது. சொல் ஒன்று, விஷயம் வேறு. லிம்போமா ரிப்போர்ட்டில் வருவது அது அல்ல.

இன்னொன்றும் உண்மை. லிம்போமா வந்தவரின் நெருங்கிய இரத்த உறவினருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. லிம்போமா அரிய நோய் என்பதால் அந்தச் சற்றுக் கூடுதலுக்குப் பிறகும் வாய்ப்பு மிகச் சிறியதே. ஒரு சம்பந்தத்தை நிறுத்தும் கணக்கு அதில் இல்லை.

## ரிப்போர்ட்டில் அந்த வரி எப்படி வருகிறது?

'டி' என்பது இடமாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அடைப்புக்குறிக்குள் இருப்பவை துண்டு மாறிய குரோமோசோம்களின் எண்கள். அவ்வளவுதான். 14;18 என்றால் பதினான்கும் பதினெட்டும்.

இதைக் கண்டுபிடிக்க 'ஃபிஷ்' என்ற சோதனை செய்கிறார்கள். மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம். எதிர்ப்பொருள் மரபணுவில் போய் ஒட்டும் ஒரு பச்சை ஒளிப்பொட்டு, பிசிஎல்-2இல் ஒட்டும் ஒரு சிவப்புப் பொட்டு. இயல்பான செல்லில் இரண்டு பச்சையும் இரண்டு சிவப்பும் தனித்தனியாக மின்னும், ஏனென்றால் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு உண்டு. துண்டு மாறிய செல்லில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு, அவற்றோடு பச்சையும் சிவப்பும் ஒட்டி மஞ்சளாகத் தெரியும் இரண்டு பொட்டுகள். நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்து எழுதுகிறார்கள்.

இந்தச் சோதனை எல்லோருக்கும் தேவைப்படாது. பல நேரங்களில், கணுவின் திசுவில் பிசிஎல்-2 புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பதே பெரிய துப்பு. வெறும் தொற்றால் வீங்கிய கணுவில், பி செல்கள் பெருகும் வட்ட வடிவ இடங்களில் பிசிஎல்-2 அணைந்திருக்கும். ஃபாலிகுலர் லிம்போமாவில் அதே வட்டங்கள் சாயம் பிடித்துப் பளிச்சென்று தெரியும். மாமரக் கதை ஞாபகம் இருந்தால் ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

## லைனைத் திருப்பிக் கட்ட முடியுமா?

இதையெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்டார்ட்டர் பெட்டியைக் காட்டிக் காட்டிச் சொன்னபோது அவர் கேட்ட கடைசிக் கேள்வி இது. "அப்படியென்றால் முனையை மாற்றிக் கட்டிவிட்டால் சரியாகிவிடுமே சார்?"

இன்றைக்கு முடியாது. நோய்ச் செல்கள் எண்ணற்றவை. ஒவ்வொன்றுக்குள்ளும் போய் முனைகளைப் பிரித்துக் கட்டும் மருந்து இல்லை. அதனால் மருத்துவம் வேறு வழிகளில் போகிறது. ஒன்று, அந்த லைன் ஓடும் செல்லையே அழிப்பது. பி செல்லின் மேற்பரப்பில் உள்ள ஓர் அடையாளத்தைப் பிடிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஃபாலிகுலர் லிம்போமா சிகிச்சையின் போக்கையே அது மாற்றியது. நல்ல பி செல்களையும் சேர்த்துத்தான் அழிக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் அவற்றை உருவாக்கும் தாய்ச் செல்களில் அந்த அடையாளம் இல்லாததால், மாதங்கள் கழித்துப் புதிய பி செல்கள் திரும்ப வருகின்றன.

இன்னொரு வழி, மோட்டார் ஓடினாலும் அதன் வேலையை அடைப்பது. பிசிஎல்-2 புரதத்தை அடைக்கும் வெனட்டோகிளாக்ஸ் மாத்திரை 2016இல் வந்தது. 14-18 மாறிய ஃபாலிகுலர் லிம்போமாவில்தான் அது சிறப்பாக வேலை செய்யும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. நாள்பட்ட லிம்போசைட் இரத்தப் புற்றுநோயில் அது நன்றாக வேலை செய்தது, அந்த நோயில் இந்த இடமாற்றம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஃபாலிகுலர் லிம்போமாவில் தனியாகக் கொடுத்தபோது பலன் குறைவாகவே இருந்தது. சாவைத் தடுக்கும் புரதம் பிசிஎல்-2 மட்டும் அல்ல, அதற்கு உடன்பிறப்புகள் உண்டு என்பது ஒரு காரணம்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ரிப்போர்ட்டை எடுத்துவந்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். "இந்த வரிக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்குப் போகாது என்று உங்கள் கையால் தமிழில் எழுதிக் கொடுங்கள் சார்" என்றார். ரிப்போர்ட்டில் நான் எழுதக்கூடாது என்று சொல்லி, தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போகும்போது சிகிச்சை செய்யும் மருத்துவரிடமே அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும் சொன்னேன். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று மகனிடம் விசாரித்தார்.